மருந்துக்கு முன்னே வந்த பேச்சு

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டியதும் சானடோரியம் ஸ்டேஷன் வரும். ஒரு மருத்துவமனையால் பேர் பெற்ற இடம். இன்று தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடிப்படி ஓரத்தில் 'தனிநபர், தம்பதி, குடும்ப ஆலோசனை' என்று பலகை தொங்குகிறது. அந்த அறைகளில் நாம் எதிர்பார்க்கும் மரியாதைகள் பலவும் மிகக் கொடுமையான ஒரு காலத்தில், இந்த ஸ்டேஷனை ஒட்டிய அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் பழக்கத்துக்கு வந்தவை.

அந்த மருத்துவமனையை 1928ல் காசநோய்ச் சானடோரியமாகத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. காசநோய் நிபுணர். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917ல் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். 1937ல் தாம்பரம் சானடோரியம் அரசின் கைக்கு வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வந்தபின் காசநோய் குணமாகும் நோயாயிற்று. மருந்தில்லாத இன்னொரு நோய் அந்த வாசலுக்கு வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான். அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். படுக்கை தர மறுத்தார்கள், தொட மறுத்தார்கள். தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சே.நெ. தெய்வநாயகத்தின் பங்கு அதில் பெரியது. வெளியூரிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை இடங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

ஆனால் கொடுப்பதற்கு என்ன இருந்தது? கூடவே வரும் காசநோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கொடுக்கலாம். கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து வெளிநாடுகளில் 1996 வாக்கில் வந்துவிட்டது. நம் ஊர்க் கூலித் தொழிலாளிக்கும் லாரி டிரைவருக்கும் அது எட்டாத விலை. அந்தப் பல வருஷங்களில் தட்டுப்பாடில்லாமல் கொடுக்க முடிந்தது பேச்சு மட்டும்தான். உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுசாகக் கேட்பது. அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஓர் ஆளை நியமிக்கும் வழக்கம் பரவலானது எச்.ஐ.வி.யால்தான்.

1994ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பரிசோதனையும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும் அறைகள் மாவட்டம் மாவட்டமாக வந்தன. தமிழ்நாட்டில் அவற்றுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பேர். ஒரு மேஜை, இரண்டு மூன்று நாற்காலி, சுவரில் போஸ்டர், மேஜை டிராயரில் ஆணுறைப் பாக்கெட்டுகள். மேஜைக்குப் பின்னால் சமூகப் பணியோ உளவியலோ படித்த ஓர் ஆலோசகர்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். எதற்காக இந்த டெஸ்ட், இருக்கிறது என்று வந்தால் என்ன அர்த்தம், இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து ஏன் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கிய பிறகு, "எடுத்துக்கறீங்களா?" என்று சம்மதம் கேட்க வேண்டும். ரிசல்ட் வந்ததும் அதை வராந்தாவில் வைத்துச் சொல்லக் கூடாது. துணைக்கு வந்த மாமாவிடமும் கொடுக்கக் கூடாது. உரியவரிடம், அறைக்குள், நேரில். சொல்லி முடித்ததும் ஆலோசகர் அவசரப்பட்டு ஆறுதல் கூறுவதில்லை. அழட்டும், கோபப்படட்டும், சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பிறகுதான் அடுத்த சில மணி நேரத்தைப் பற்றிய கேள்விகள்: "இப்ப வீட்டுக்கு எப்படிப் போவீங்க? ராத்திரி கூட யார் இருப்பாங்க? முதல்ல யார்கிட்ட சொல்லணும்னு தோணுது?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தனிநபர் ஆலோசனை தம்பதி ஆலோசனையாக மாறியது. கணவருக்குத் தொற்று, மனைவிக்குத் தெரியாது. அவரிடம் சொல்லத் துணிவு வரும்வரை கணவரைத் தயார்ப்படுத்த வேண்டும். பிறகு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணையாக அந்த மணி நேரம் ஆகிவிடாமல் காக்க வேண்டும். பல குடும்பங்களில் கணவன் இறந்த பிறகு பழி மருமகள் தலையில் விழுந்தது. தட்டைத் தனியாக வைத்தார்கள், சொத்தில் பங்கில்லை என்றார்கள், பிள்ளைகளைப் பிரித்தார்கள். அப்போது மாமியார் மாமனாரும் அந்த அறைக்கு வர வேண்டியிருந்தது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தால் தொற்றாது என்பதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதை நம்பவைக்கப் பல சந்திப்புகள் தேவைப்பட்டன.

தொற்றோடு வாழ்பவர்களே ஆலோசகர்களாக வந்ததும் இந்தக் கதையின் பெரிய திருப்பம். 1997ல் எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்திய வலைப்பின்னல் சென்னையில் உருவானது. 1998ல் கௌசல்யாவும் தோழிகளும் தொற்றுள்ள பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். படித்த ஆலோசகரால் முடியாத ஒன்று அவர்களால் முடிந்தது. "எனக்கும் இதே தான்க்கா. பாருங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று எதிரில் உட்கார்ந்து அவர்களால் சொல்ல முடிந்தது.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மருந்து வந்தால் பேச்சுக்கு வேலை இருக்காது என்று தோன்றலாம். நடந்தது நேர்மாறு. இந்த மாத்திரையை வேளை தவறாமல், ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். அடிக்கடி விட்டால் கிருமி மருந்துக்கே பழகிவிடும். ஷிப்டு வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, கூட்டுக் குடும்பத்தில் டப்பாவை எங்கே வைப்பது, கல்யாணத்துக்கு வெளியூர் போனால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. மருந்தைப் பலிக்கவைத்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்குண்டு.

சென்னையில் ஆலோசனைக்கு வேறு பிறப்பிடங்களும் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்றது. 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா', உயிரை விட நினைப்பவரின் பேச்சைத் தன்னார்வலர்களைக் கொண்டு கேட்டது. 1984ன் குடும்ப நீதிமன்றச் சட்டம் மணமுறிவு வழக்கிலும் ஆலோசகருக்கு இடம் தந்தது. ஆனால் சம்மதம், ரகசியம், பழி சொல்லாமை என்ற மூன்றையும் சாதாரண அரசு ஆஸ்பத்திரியின் அன்றாட நடைமுறையாக்கி, காசில்லாதவருக்கும் கிடைக்கச் செய்தது நம்பிக்கை மையம்தான். 2017ன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அந்தச் சம்மதத்தையும் ரகசியத்தையும் சட்டக் கடமையாகவே ஆக்கிவிட்டது.

இன்று புறநகரின் கவலைகள் வேறு. வீட்டுக் கடன், ஐ.டி. வேலையின் ராத்திரி ஷிப்டு, தனிக்குடித்தனத்தில் பேச ஆளில்லாத தம்பதி, மொபைலுக்குள் போய்விட்ட பிள்ளை. ஆனாலும் ஆலோசனை தேடிப் போகிறவர் சம்மதம், ரகசியம், பழி சொல்லாமை என்ற அந்த மூன்றையும் உரிமையோடு எதிர்பார்க்கலாம். என் சம்மதம் கேட்டார்களா? நான் சொன்னது வெளியே போகாதா? கதை முடிவதற்குள் தீர்ப்புச் சொல்கிறார்களா? வீட்டில் அடி உதை இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து 'அனுசரித்துப் போங்கள்' என்று சொல்வது ஆலோசனையே ஆகாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது அடிபடுபவரின் பாதுகாப்பைப் பற்றி.

அரசுக்கும் ஒரு கடன் இருக்கிறது. நம்பிக்கை மைய ஆலோசகர்கள் நெடுங்காலமாக ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். மருந்தில்லாத நாளில் மருத்துவமனையின் மானத்தைக் காத்த வேலை அது. அதை நிரந்தரப் பணியாக்கி, எச்.ஐ.வி.க்கு மட்டுமின்றி மனச்சோர்வுக்கும் குடிக்கும் குடும்பச் சண்டைக்கும் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் அப்படியோர் அறையைத் திறந்து வைக்க வேண்டும்.