தாரகையும் பாதுகாவலனும்

காரைக்கால் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கினால், கண்ணுக்கெட்டாத தொலைவில் யாழ்ப்பாணத் தீபகற்பம் கிடக்கின்றது. 2023 அக்டோபரில் அண்டையூராகிய நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் புறப்பட்ட செய்தியைக் கேட்டபோது, அக்கரையின் பழைய இதழ்ப் போர் என் நினைவுக்கு வந்தது. அப்போரில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு.

1841 சனவரி 7ஆம் நாள் அமெரிக்க மிஷனார் 'உதயதாரகை'யைத் தொடங்கினர். தமிழும் ஆங்கிலமும் கலந்து, மாதம் இருமுறை வெளிவந்த இதழ் அது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்போர். பெயரைக் கண்டு வெள்ளையர் என எண்ணிவிட வேண்டா. இருவரும் கிறிஸ்தவப் பெயர் பூண்ட தமிழரே. அறிவியலும் ஊர்ச்செய்தியும் தந்த அவ்விதழ் சைவத்தைச் சாடியது. கத்தோலிக்கத்தையும் விட்டு வைக்கவில்லை.

அந்நாளில் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பீற்றர் பெர்சிவலுடன் விவிலியத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தாரகைக்கே மடல் விடுத்தார். அவர்தாம் ஆறுமுக நாவலர். எருசலேம் ஆலயத்தில் விளக்கும் தூபமும் படையலும் இருந்தனவன்றோ, அவ்வாறிருக்க எம் கோயில் வழிபாட்டை மட்டும் இகழ்வது எங்ஙனம் என்பதே அவர் வாதத்தின் சாரம். தாரகை அம்மடலை அச்சிட்டது! எதிராளியின் வாதத்தைத் தன் தாளிலேயே ஏற்றிய அந்தப் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். குருமடத்தில் லேவியர் நூலைக் கற்றபோது இத்தகைய வினாவை எவரும் எங்களிடம் எழுப்பியதில்லை. எழுப்பியிருந்தால் நாங்கள் திகைத்திருப்போம். பின்னர், 1849இல், நாவலர் வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சகத்தையே நிறுவினார்.

நம்மவர் விழித்தெழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நம் புதுவை மறைமாவட்டத்தில் உழைத்த அதே பாரிஸ் வேதபோதக சபையின் குருவாகக் கோவைப் பகுதிக்கு வந்து, பிறகு அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து இலங்கை சென்றவர் ஆயர் பொஞ்ஞான். கத்தோலிக்கச் சிறார்க்குக் கத்தோலிக்கப் பள்ளி வேண்டும் என்று அரசோடு ஓயாது வாதாடியவர் அவர். அவர் காலத்தில், 1876இல், 'சத்தியவேத பாதுகாவலன்' பிறந்தது. அப்பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தாரகை யாவர்க்கும் பொதுவாக உதிப்பது. காவலனோ கள்வர் அச்சமுள்ள வீட்டின் வாயிலில் நிற்பவன். சிறு மந்தையின் அச்சம் அப்பெயரிலேயே ஒலிக்கின்றது. அவ்வச்சத்தை நான் குறை கூறேன். ஆயினும், கிறிஸ்தவப் பிரிவினைகளில் இரு தரப்பினர்க்கும் குற்றமுண்டு என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒப்புக்கொண்டதை நினைக்கையில், அக்காலத்துச் சொற்போர்களை முழு மனத்தோடு போற்றவும் இயலவில்லை.

இப்போட்டியில் ஒரு நன்மை விளைந்தது. ஒன்றையொன்று மறுத்தெழுத வேண்டின், ஒன்றையொன்று வரி விடாது படித்தாக வேண்டும். ஒருவர் கருவியை மற்றவர் கற்றுக்கொண்டதும் அவ்வழியேதான். 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை, 1889 செப்டம்பர் 11ஆம் நாள் ஆங்கிலத்தில் 'இந்து ஆர்கன்' இதழையும், அதனுடன் தமிழில் 'இந்துசாதன'த்தையும் கொணர்ந்தது. மிஷனார் காட்டிய அதே வழி: சபை, அச்சகம், இருமொழி இதழ். பள்ளி ஒன்றே எஞ்சியிருந்தது. மறு ஆண்டே அச்சபை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைத் தன் பொறுப்பில் ஏற்றது.