மன்னாரில் உதைபந்தாட்டம்

மன்னார்த் தீவிலும் அதை அடுத்த பெருநிலக் கரையிலும் உதைபந்தாட்டத்துக்கு உள்ள செல்வாக்கு வேறெந்த விளையாட்டுக்கும் இல்லை. பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கு வந்த இந்த ஆட்டம், பாடசாலைகள், கிராமக் கழகங்கள் வழியாக மீனவ ஊர்களில் வேரூன்றியது. பந்தும் வெறும் தரையும் இருந்தால் போதும் என்பது அதன் பரவலுக்கு உதவியது. நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் உருவானது.

1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் இவ்வளர்ச்சியைக் குலைத்தது. 1990இல் தலைமன்னார் ரயில் சேவை நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். ஊர்கள் சிதறியபோது ஊரையே அடிப்படையாகக் கொண்ட கழகங்களும் ஆட்டக்காரர்களை இழந்தன. போர் 2009இல் முடிந்தது. தலைமன்னாருக்கு ரயில் 2015இல் மீண்டும் ஓடியது.

போர்க்காலத்தில் பிறந்த தலைமுறையிலிருந்து தேசிய அணிக்குச் சென்றவர்களில் ஒருவர் பின்கள வீரர் டக்சன் பியூஸ்லஸ். மாலைத்தீவின் வலென்சியா கழகத்துக்கும் ஆடிய அவர், 2021இல் மாலேயில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியில் இலங்கைக்காக விளையாடினார். மூத்த வீரர்கள் பயிற்றுநர்களாகவும் வர்ணனையாளர்களாகவும் மாறுவது உதைபந்தாட்ட உலகில் வழக்கம். டக்சன் அந்தக் கட்டத்தை எட்டவில்லை. 2022 பெப்ரவரியில், 31 வயதில், மாலைத்தீவில் காலமானார்.