150 ஐரிஸ் பூக்கள்

தரவு அறிவியலைப் பொழுதுபோக்காகக் கையிலெடுப்பவர்கள் முதலில் வரைந்து பார்ப்பது பெரும்பாலும் ஐரிஸ் பூத் தரவைத்தான். 150 வரிசை, ஐந்து பத்தி: புல்லி இதழின் நீள அகலம், அல்லி இதழின் நீள அகலம், இனத்தின் பெயர். ஆர் மொழியிலும் பைத்தானின் சைக்கிட்-லேர்னிலும் தயாராகவே இருக்கிறது.

பூக்களைத் திரட்டியவர் எட்கர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில் செட்டோசா, வெர்சிகலர் என்ற இரண்டு ஐரிஸ் இனங்கள் கலந்து பூத்திருந்தன. இரண்டிலும் ஐம்பது ஐம்பதாக, ஒரே நாளில் பறித்து ஒரே கருவியால் அளந்தார். மூன்றாவது இனமான வர்ஜினிகா மட்டும் வேறு ஊர்ப் பூ.

அவரைக் குடைந்த கேள்வி வேறு: வெர்சிகலர் எங்கிருந்து வந்தது? செட்டோசாவின் ஒரு வகையில் குரோமோசோம்கள் 38, வர்ஜினிகாவில் 70, வெர்சிகலரில் 108. கூட்டிப் பாருங்கள். மற்ற இரண்டும் கலந்து பிறந்ததுதான் வெர்சிகலர் என்றார் ஆண்டர்சன். பூக்களைப் படமாகவும் போட்டார்: புல்லி ஒரு செவ்வகம், அதன்மேல் அல்லி ஒரு செவ்வகம். கணினி இல்லாத காலத்துக் காட்சிப்படுத்தல். இன்றைய பல வரைபடங்களைவிட அழகு.

1936இல் அந்த எண்களை எடுத்துக்கொண்டு இனங்களைப் பிரித்தறியும் கணக்கு ஒன்றை வெளியிட்டார் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். வெர்சிகலர் மற்ற இரண்டுக்கும் நடுவில், வர்ஜினிகாவை ஒட்டியே நிற்பதையும் அதில் காட்டினார். அதோடு ஆண்டர்சனின் கேள்வி பின்னுக்குப் போய், கணக்கு முன்னுக்கு வந்துவிட்டது. கட்டுரை வந்த இதழின் பெயர் 'அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'. மனிதரையும் 'தரம்' பிரிக்கத் துடித்த இனமேம்பாட்டுவாதத்தின் மேடை அது. ஃபிஷரும் அந்த அணியில் இருந்தவர்தான்.

1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துத் தரவுக் களஞ்சியத்தில் ஐரிஸ் சேர்ந்தது. வரும் வழியில் 35ஆவது, 38ஆவது பூக்களின் அளவுகள் பிசகிவிட்டன. அங்கிருந்து படியெடுத்தவர்கள் பிழையையும் சேர்த்தே படியெடுத்தார்கள்.

அல்லி நீளத்தையும் அகலத்தையும் வைத்துப் புள்ளியிட்டால் செட்டோசா தனியே ஒதுங்கிவிடும். அதன் அல்லி 1.9 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை, வெர்சிகலர் தொடங்குவதே 3இல். மற்ற இரண்டும் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். புதிதாகப் பழகுபவர் அந்த இடத்தைத் தன் நிரலின் தோல்வி என்று நினைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார். ஆண்டர்சனைக் கேட்டால், அங்கே தெரிவது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள சாயல் என்பார். பூவின் கதையைச் சொல்லிக்கொடுக்காமல் எண்ணை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

2020இல் ஐரிஸ் தரவுக்கு மாற்றாக அண்டார்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்துப் பெங்குவின்கள் வந்தன. மூன்று இனம், 344 பறவைகள். ஒவ்வொன்றும் எந்தத் தீவில், எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்பதற்கும் தனிப் பத்தி உண்டு. 2025இல் வந்த ஆர் 4.5 பதிப்பிலேயே அவை இடம்பிடித்துவிட்டன. ஐரிஸை யாரும் நீக்கவில்லை.