நீர்வண்ணமும் நடுவர் கண்ணும்

லண்டனில் 1804 நவம்பரில் ஓவியர் சிலர் கூடி நீர்வண்ணத்திற்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவினர். அடுத்த ஆண்டே தங்கள் முதற் கண்காட்சியையும் நடத்தினர். ராயல் அகாடமியின் ஆண்டுக் காட்சியில் அவர்களது படங்கள் தைலவண்ணப் படங்களுக்கிடையே தொங்கின. பக்கத்துச் சட்டத்தின் அடர்நிறம் தாளின் மெல்லொளியை விழுங்கிவிடும். தைலத்துக்குரிய அளவுகோலால் நீரை அளந்ததே அவர்களது மனக்குறை.

நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பூசுவதன்று, விட்டுவைப்பது. தெளிந்த நிறத்தினூடே தாள் ஒளிர வேண்டும். ஆகவே நடுவர் ஓவியன் தீட்டிய இடத்தை மட்டுமன்றி, தீட்டாது விட்ட இடத்தையும் நோக்கக் கடமைப்பட்டவர். நுணுக்கத்தையும் நிறைவையும் மட்டும் எண்ணிப் பரிசளிப்பது பழைய தைலக்கணக்கேயாகும்.

இந்தியாவில் இக்கலைக்கு வேறொரு மரபும் வந்து சேர்ந்தது. 1903இல் ஜப்பானிய ஓவியர்களான யொகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ இருவரும் கல்கத்தா வந்தனர். அவர்களது முறையைக் கண்ட அவனீந்திரநாத் தாகூர், தீட்டிய படத்தை நீரில் நனைத்து நிறங்களை மென்மையாக்கும் ‘வாஷ்’ முறையை வளர்த்தெடுத்தார். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை சென்னை அரசு ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்தார். அவரையடுத்து வந்த கே. சி. எஸ். பணிக்கர் தொடக்கத்தில் புகழ்பெற்றது கேரள நிலக்காட்சிகளைத் தீட்டிய நீர்வண்ணங்களாலேயே. இங்கிலாந்து, வங்காளம், கேரளம்: மூன்றும் ஈரநாடுகள். நம் நடுவர்களின் கண் பழகியதும் அந்த ஈரத்திலேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருச்சுழியில் மே மாத நண்பகலில் குண்டாற்றங்கரையில் அமர்ந்து தீட்டிப் பார்க்கட்டும். தூரிகையின் அடுத்த இழுப்பு வருமுன் முந்தையது உலர்ந்துவிடும். ஈரம் ஓரத்தில் விரைந்து உலர, நிறத்துகள்கள் அங்கே ஒதுங்கிக் கோடாக நிற்கும். வங்கத்து மூடுபனியைப் பார்த்துப் பழகியவர் இதைப் பிழையென்று மதிப்பெண் குறைப்பார். ஆனால் கரிசலின் வெடிப்புக்கும் பனைநிழலின் கூர்விளிம்புக்கும் அந்தக் கோடே பொருத்தமான மொழி. வெயிலில் வெளிறிய வானத்திற்கு விடுபட்ட வெண்தாளைவிடச் சிறந்த நிறம் ஏது?

வேடிக்கை என்னவென்றால், நீர்வண்ணத்தை வண்ணமாக்கிப் பிணைப்பதே வறள்நிலத்து மரங்களின் பிசின்தான். இப்பக்கத்துக் கண்மாய்களில் நிற்கும் நாட்டுக் கருவேல மரத்தின் பிசினும் அதே வகையைச் சேர்ந்தது (இன்று எங்கும் பரவியிருக்கும் சீமைக்கருவேலம் வேறு இனம்).

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பள்ளிகளில் ஓவியப் போட்டிக்கு நடுவராக அமர்வோர் தம் அட்டவணையில் மூன்று வினாக்களைச் சேர்த்துக்கொள்ளலாம்: தாள் எங்கே பேசுகிறது? விளிம்பின் கடுமை தற்செயலா, தேர்வா? இந்தப் படம் எந்த வெயிலில் உலர்ந்தது? மூன்றாவதற்கு விடை தெரியாவிட்டால் தீட்டிய பிள்ளையையே அழைத்துக் கேட்டுவிடலாம். பரிசு அறிவிக்கும் முன்பு.