குடிமராமத்து

மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் குளத்தை நம்பித்தான் நெல். மடைப் பலகை உளுத்தாலும் மறுகால் சுவர் விரிசல் விட்டாலும் அதைச் சரிசெய்யும் வேலை மராமத்து. அரபியில் பழுதுபார்த்தலைக் குறிக்கும் ‘மரம்மத்’, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பொதுப்பணித் துறையையே பெரியவர்கள் ‘மராமத்து இலாகா’ என்பார்கள்.

குடிமராமத்தில் முன்னால் நிற்கும் ‘குடி’ நம் சொல். இங்கே அது ஊரில் நிலம் வைத்து உழுபவரைக் குறிக்கும். குளத்துப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் பங்கு போட்டுக் கரைக்கு மண் சுமப்பதும் வாய்க்கால் தூர்வாருவதும் குடிமராமத்து. ஊர் வழக்கமாக இருந்ததை 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வராதவர் பணம் கட்ட வேண்டியிருந்தது. குளத்தின் மேல் உரிமை போய்க் கடமை மட்டும் எஞ்சினால் யார் மண்வெட்டி எடுப்பார்?

2017-ல் தமிழக அரசு இச்சொல்லைத் தூசி தட்டித் திட்டமாக்கியது. முதற்கட்டமாக ரூ.100 கோடி, 1,519 பணிகள். செலவில் 10 சதவீதம் பாசனதாரர் பங்கு. பணமாகத் தரலாம், பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம் என்றார்கள். நெடுஞ்சாலைக்குச் சொல்லும் ‘அரசு–தனியார் கூட்டு’க்கு இது தூரத்துச் சொந்தம்தான். அங்கே போட்ட பணத்தைச் சுங்கச்சாவடியில் எடுக்கிறார்கள். இங்கே கடைமடை வயல் வரை தண்ணீர் வர வேண்டும்.