கள்ளும் பீரும் நாட்டுணர்ச்சியும்



நாம் வாழும் பட்டினப்பாக்கத்தின் பெயர் பழஞ்சிறப்புடைத்து. சிலப்பதிகாரம் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கிக் காட்டுகின்றது. கள் விற்கும் மகளிரை மருவூர்ப்பாக்கத்து மக்களோடு ஒப்ப வைத்து எண்ணுகின்றது. இல்லத்தில் நெல்லரிசி கொண்டு ஆக்கிய கள்ளைச் சங்கநூல்கள் தோப்பி என்றன. அதியமான் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவையார் பாடினார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆகவே கள்ளும் அதன் மறுப்பும் தமிழர்க்குப் பழையனவே. இவ்விரண்டனுள் மறுப்பு மட்டும் தேசியத்தின் அடையாளமானது எவ்வாறு, அதன் விலையை இறுத்தவர் யாவர் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் கள் வருவாய்ப் பொருளாயிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின் பின்னர், கள்ளிறக்கும் மரத்திற்கு வரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலத்தில் மிகுதியாகக் கேட்டவர்க்கே விடப்பட்டன. இம்மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெருவருவாய் அப்காரியாக இருந்த காலமும் உண்டு. மரமேறுவோன் உயிரைப் பணயம் வைத்தான். பெரும்பயனை ஏலதாரரும் சர்க்காரும் கொண்டனர்.

பீரோ அக்காலத்தில் வெள்ளையர் பானம். முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. பின்னர்க் குளிர்ந்த மலையிடங்களை நாடிக் கசௌலியிலும் நீலகிரியிலும் ஆலைகள் எழுந்தன. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் தென்னாட்டு ஆலைகள் ஐந்தினை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை நிறுவினார். பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்களே அதன் பெருவாடிக்கையினர்.

பிலிப்பைன் தீவுகளில், ஸ்பானியர் ஆண்ட காலத்து 1890இல் மணிலாவில் தோன்றிய சான் மிகேல் பீர், பிற்காலத்தே அந்நாட்டார் தம்முடையதென்று பெருமை கொள்ளும் பொருளாயிற்று. நம் நாட்டிலோ குடியாமையே தேசியத்தின் குறியாயிற்று. ஏழையின் இல்லத்தைக் கெடுத்து அந்நியர் கருவூலத்தை நிரப்புவது கள் என்று காந்தியடிகள் வழி நின்றோர் கண்டனர். 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் ஈ. வெ. ராமசாமியாரின் மனைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். அவர்தாமும் தம் தோப்பின் தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். இராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதித்தது. 1948இல் மாகாணம் முழுதும் விலக்கு வந்தது. 1950இன் அரசியற் சட்டமும் 47ஆம் பிரிவில் அதனை அரசின் கடமையாக்கிற்று.

இப்பெருநோன்பின் சுமை எவர் தோளில் விழுந்தது? சர்க்காரின் இழப்பை வரி ஈடுசெய்தது. மரமேறிகளின் இழப்பை ஈடுசெய்தது யாது? பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுமாறு சிலர்க்கு வழிகாட்டப்பட்டது. பலர் பாளைக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூலிவேலைக்குச் சென்றனர். அவ்வாறிருந்தும் நம் கிராமணி குலத்துப் பிறந்த ம. பொ. சிவஞானம் மதுவிலக்கை ஆதரித்தே நின்றார். தம்மவர் பிழைப்புக்கு எதிராக நிற்கும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1971இல் விலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றிற்று. 1987 ஜனவரி 1 முதல் கள் தடுக்கப்பட்டது. 2003 முதல் அந்நிறுவனமே சில்லறைக் கடைகளையும் நடத்துகின்றது; அங்கே பீர் உண்டு, கள் இல்லை. வெள்ளையர் நிறுவிய அக்கம்பெனியும் 1947இல் விட்டல் மல்லையா இயக்குநரான பின் இந்தியர் கைக்கு வந்து, அதன் பீர் நாடெங்கும் பரவிற்று. அந்நியர் பானம் சுதேசியாயிற்று. சுதேசிப் பானம் குற்றமாயிற்று.

கள்ளை மீண்டும் கொணர்க என்பது எம் கருத்தன்று. வள்ளுவர் வழியே எம் வழி. ஆயின் குடி தீதெனின் எல்லாக் குடியும் தீதே. ஒன்றை விலக்கி மற்றொன்றைச் சர்க்காரே விற்பதை அறம் என்றல் பொருந்தாது. நாட்டின் பொருட்டுத் தொழிலிழந்த நம் முன்னோரைக் கள்ளிறக்கினோர் என்று இகழ்வார் இன்றும் உளர். அவர் இழந்தது இன்னதென நம் இளைஞர் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். நடுநிலையாளர் சிந்திப்பாராக.