கடற்படைப் பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியார்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் முதல்வர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே. ஒர்க்‌ஷாப்ல இருந்த இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர் போன வாரம் தவறிட்டார். நாளைக்கு இரங்கல் கூட்டம், வீட்டுக்காரங்களும் வர்றாங்க. பிரின்சிபால் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க."

இறந்தவரை எனக்குத் தெரியாது. பார்த்திருக்கலாம், காக்கி கோட்டு போட்ட நாலைந்து பேரில் ஒருவராக. சர்வீஸ் ரெஜிஸ்டரைப் புரட்டி, சேர்ந்த தேதி, வாங்கிய பாராட்டுக் கடிதம் எல்லாம் குறித்துக்கொண்டு இருபது நிமிடத்தில் எழுதினேன். முதல்வருக்கு நல்ல குரல். அவர் படிக்கப் படிக்க முன்வரிசையில் இறந்தவரின் மனைவி குலுங்கி அழுதார். கூட்டம் முடிந்ததும் அவர் மகள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வந்த நண்பர், படத்துக்குக் கீழே அது லேமினேட் செய்து மாட்டியிருந்தது என்றார். எனக்கு ஏனோ திருடிவிட்டு வந்தவன் போல இருந்தது. அதே சமயத்தில் நாலு மாதம் உட்கார்ந்து எழுதிய என் சிறுகதை ஒன்று வெளிவந்து, அதைப் பற்றி ஒரு ஆள்கூடப் பேசாமல் கிடந்தது.

இதையெல்லாம் நான் சொல்லக் காரணம், பிறகு ஒருநாள் ஜப்பானிய எழுத்தாளர் ரியுனோசுகே அகுதாகவாவின் ஒரு கதையைப் படித்துத் தூக்கிவாரிப் போட்டதுதான். 1924இல் எழுதியது. தலைப்பை 'எழுத்து' என்று தமிழில் சொல்லலாம். கதை முழுக்க என் கதை. ஒரே வித்தியாசம், அவர் வாத்தியாராக இருந்தது ஜப்பானியக் கடற்படையில்.

அகுதாகவாவை நம்மில் பலருக்கு அறிமுகம் செய்தது குரோசாவா. 1950இல் வந்த 'ரஷோமோன்' படம் இவருடைய இரண்டு கதைகளைச் சேர்த்துக் கட்டியது. அந்தப் படத்தின் நிழல் 1954இல் வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' மீது விழுந்ததும் தெரிந்த கதைதான். ஆனால் அவர் இரண்டேகால் வருடம் யோகோசுகாவில் கடற்படை எஞ்சினியரிங் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு கடற்படைக்கு எதற்கு இலக்கியவாதி? ஜப்பான் தன் நவீனக் கடற்படையைப் பிரிட்டனைப் பார்த்துக் கட்டியது. 1873இல் பிரிட்டிஷ் அதிகாரிகளின் குழு ஒன்று தோக்கியோவுக்கு வந்து பயிற்சி கொடுத்தது. எஞ்சின், பீரங்கி, கட்டளை எல்லாம் இங்கிலீஷில் வந்ததால் அந்த மொழி தெரிந்தே ஆகவேண்டும். அதற்கடுத்த வருடம் பேஸில் ஹால் சேம்பர்லின் என்ற இருபத்துமூன்று வயது இங்கிலாந்துக்காரர் அங்கே கடற்படைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். 1882 வரை மாலுமிப் பையன்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த அதே ஆள், மிச்ச நேரத்தில் ஜப்பானின் பழங்கவிதைகளை மொழிபெயர்த்தார். பிறகு ஜப்பானின் மிகப் பழைய நூலான 'கொஜிகி'யை முழுதாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதில் கொஞ்சம் 'அப்படி இப்படி' உள்ள இடங்களை மட்டும் லத்தீனில் போட்டுவிட்டார். படித்த ஆம்பளைங்க மட்டும் புரிஞ்சுக்கட்டும் என்ற விக்டோரியா காலத்து நல்லெண்ணம்.

ஆக, பள்ளியில் சம்பளம், வீட்டில் இலக்கியம் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. அகுதாகவா சேர்ந்தது 1916 டிசம்பர் 1ஆம் தேதி. வயது 24. தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முடித்த கையோடு. அந்த வருடத் தொடக்கத்தில் வெளியான 'மூக்கு' கதையைப் படித்துவிட்டு, ஜப்பானிய நாவலின் பிதாமகர் நட்சுமே சொசெகி பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார். வேலையில் சேர்ந்த ஒன்பதாம் நாள் சொசெகி இறந்துபோனார். குருவுக்கு அஞ்சலி செலுத்திய கையோடு திரும்பி வந்து, கப்பல் எஞ்சின் ஓட்டப்போகிற பையன்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். தொடக்கச் சம்பளம் மாதம் 60 யென்.

அந்த வேலை எப்படி இருந்தது என்பதை அவர் பின்னால் யாசுகிச்சி என்ற பாத்திரத்தை வைத்து எழுதிய கதைகளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். யாசுகிச்சி அவரேதான். ஆனாலும் கதை கதைதான், டைரி இல்லை. அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாசுகிச்சி வகுப்புக்குப் போகுமுன் பாடத்தைத் தயார் செய்தே ஆகவேண்டும். காரணம் கடமை உணர்ச்சி மட்டுமல்ல, பாடநூலில் இருக்கும் கடல் வார்த்தைகள். 'கேட்ஸ் பா' என்று வரும். பூனையின் பாதம் என்று நினைத்துச் சொல்லிவிட்டால் போச்சு, மாலுமிகள் மொழியில் அது தண்ணீரின் மேல் லேசாகத் தடவிப்போகிற காற்று. பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாரிஸ் பற்றி ஆய்வேடு எழுதியவருக்கு இந்தக் கதி. பம்ப், வால்வு, டார்க் என்று நடத்திய எனக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும். பின்பெஞ்ச் பையனுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

இன்னொரு கதை இன்னும் கசப்பு. யாசுகிச்சி ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் கடற்படைக் கணக்கு அதிகாரிகள் இருவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு பிச்சைக்காரச் சிறுவன். அதிகாரி ஒருவன் ஆரஞ்சுப் பழத்தைக் காட்டி, நாய் மாதிரி குரைத்தால் தருகிறேன் என்கிறான். பையன் கடைசியில் குரைக்கிறான், பழம் விழுகிறது. சில நாள் கழித்துச் சம்பள நாள். அதே அதிகாரி யாசுகிச்சியைக் காக்கவைக்கிறான். யாசுகிச்சி மிக மென்மையான குரலில் அவனைக் கேட்கிறான்: நான் வேண்டுமானால் குரைக்கட்டுமா? சம்பளம் வாங்கிய எவனும் மறக்கமாட்டான்.

இவ்வளவு சலித்துக்கொண்ட அந்தக் காலத்தில் அவர் எழுதியதைப் பாருங்கள். முதல் தொகுப்பு 'ரஷோமோன்' 1917 மே மாதம். 'நரகத் திரை' 1918 மே மாதம், செய்தித்தாளில் தொடராக. 'சிலந்தி நூல்' 1918 ஜூலை. மகளை உயிரோடு எரிப்பதைப் பார்த்துக்கொண்டே அதை ஓவியமாக்குகிற கலைஞனைப் பற்றிய 'நரகத் திரை', பாடநூல் நோட்ஸ் எடுத்த அதே மேஜையில் எழுதப்பட்டிருக்கலாம்.

யோகோசுகாவுக்கும் காமாகுராவுக்கும் இடையே ரயிலில் போய்வந்ததிலிருந்து 1919இல் 'மாண்டரின் ஆரஞ்சுகள்' வந்தது. குளிர்கால மாலை, யோகோசுகா ரயில். அலுத்துப்போன ஒரு ஆள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாம் வகுப்புச் சீட்டோடு ஒரு கிராமத்துப் பெண் உள்ளே வந்து எதிரே உட்காருகிறாள். சுரங்கப்பாதைக்குள் ஜன்னலைத் திறந்து புகையை உள்ளே விட்டு அவனை இருமவைக்கிறாள். வண்டி வெளியே வந்ததும் கிராசிங்கில் நிற்கும் மூன்று தம்பிகளை நோக்கி மடியிலிருந்த பழங்களை வீசுகிறாள். வீட்டு வேலைக்குப் போகிறவள், வழியனுப்ப வந்தவர்களுக்குக் கொடுக்கிற பரிசு. ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். அவர் கதைகளில் எதையும் படிக்காதவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

அவர் தனியாகவும் இல்லை. பிரெஞ்சு நடத்திய யோஷியோ தொயோஷிமா, 'லெ மிசராப்ல்' நாவலை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். ஜெர்மன் நடத்த அகுதாகவாவே சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தவர் உச்சிடா ஹியாக்கென், சொசெகியின் இன்னொரு சீடர். அவர் ஏற்கெனவே தரைப்படை அதிகாரிகள் பள்ளியில் ஜெர்மன் வாத்தியார். ஜப்பான் தரைப்படைக்கு ஜெர்மனிதான் முன்மாதிரி, கடற்படைக்குப் பிரிட்டன் போல. இரண்டு ராணுவங்களிலும் சம்பளம் வாங்கியும் ஹியாக்கெனுக்குக் கடன் தீரவில்லை. கடன் வாங்குவதைப் பற்றியே அற்புதமான கட்டுரைகள் எழுதியவர். குரோசாவாவின் கடைசிப் படம் 'மாததாயோ' இவரைப் பற்றியது. முதிய வாத்தியாரும் அவரை விடாத மாணவர்களும் கொண்டாடுகிற பிறந்தநாள் விருந்து நினைவிருக்கலாம். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் யோகோசுகா பள்ளி அழிந்தது. ஹியாக்கெனின் அந்த வேலையும் அதோடு போயிற்று.

அகுதாகவா அதற்கு முன்பே, 1919 மார்ச்சில் விலகிவிட்டார். ஒசாகா மைனிச்சி செய்தித்தாள் சம்பளம் கொடுத்து எழுத அழைத்தது. சொசெகி 1907இல் பல்கலைக்கழகத்தை விட்டு அசாஹி செய்தித்தாளுக்குப் போன அதே வழி. வெளியே வந்த பிறகு ராணுவத்தைப் பற்றிக் கூர்மையாகவே எழுதினார். 1922இல் ஒரு புகழ்பெற்ற தளபதியைக் கிண்டல் செய்த 'தளபதி' கதை தணிக்கையில் வெட்டுப்பட்டு, வெற்றிடங்களோடு அச்சானது.

இனி அந்த 'எழுத்து' கதை. யாசுகிச்சி பாடம் நடத்துவதோடு பள்ளிக்கு எழுத்து வேலையும் பார்க்கவேண்டும். வரவேற்பு உரை, இரங்கல் உரை எல்லாம் அவன் தலையில். லெப்டினன்ட் கமாண்டர் ஹொண்டா என்பவர் இறந்துபோகிறார். துறைத் தலைவர் வந்து இரங்கல் உரை கேட்கிறார். ஹொண்டாவோடு யாசுகிச்சிக்குப் பழக்கமே இல்லை. அரைமணி நேரத்தில் எழுதித் தள்ளுகிறான். சடங்கில் பள்ளித் தலைவர் அதைப் படிக்கிறார். உருக்கமான இடத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. திடுக்கிட்டுப் பார்க்கிறான். சிரிப்பில்லை, அழுகை. இறந்தவரின் தங்கை கைக்குட்டையில் முகம் புதைத்து அழுகிறாள். குடும்பத்தில் மற்றவர்களும் அழுகிறார்கள். முதலில் அவனுக்கு வியப்பு, பிறகு எழுதியவனுக்கே உரிய ஒரு திருப்தி. அதற்கும் பிறகு, மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாத ஒரு குற்றவுணர்வு. யாருடைய வீட்டின் உள்ளறைக்குள்ளோ சேற்றுக்காலோடு நுழைந்துவிட்டது போல.

திரும்பும் வழியில் செய்தித்தாளைப் பிரிக்கிறான். பல இரவுகள் திருத்தித் திருத்தி எழுதிய அவன் கதைக்கு விமர்சனம் வந்திருக்கிறது. கடற்படை வாத்தியாரின் பொழுதுபோக்கு இலக்கிய உலகத்துக்குத் தேவையே இல்லை என்கிறார் விமர்சகர். அரைமணி நேர உரை ஜெயித்துவிட்டது, கதை தோற்றுவிட்டது.

விமர்சகர்கள் யாசுகிச்சி கதைகளைச் சில்லறை என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நரகத் திரை' ஓவியன் கேட்கிற கேள்வியைத்தான் இந்தக் கதையும் கேட்கிறது: அடுத்தவன் துக்கத்தை எடுத்து நாம் செய்கிற வேலைக்கு என்ன உரிமை? அங்கே நெருப்பும் தேரும் பிரபுவும் வேண்டியிருந்தது. இங்கே ஒரு பள்ளிக்கூடத் தாள் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் அகுதாகவாவோடு சண்டை போடுவேன். அந்த உரையை வெறும் தந்திரமாக மட்டுமே பார்க்க அவரால் முடிந்தது. தங்கை அழுதது அவருடைய வார்த்தை ஜாலத்துக்கு மட்டுமா? அண்ணன் பேரை ஒரு பெரிய மனுஷன் சபையில் நிறுத்தி நிதானமாகச் சொன்னதற்கும்தானே? அந்த ஒர்க்‌ஷாப்காரரின் மகள் தாளைக் கேட்டபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எழுதினது யாருன்னு அவளுக்கு எதுக்கு?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம், கதையில் வராத ஒருவர். அகுதாகவாவின் மனைவி ஃபுமி. பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1918 பிப்ரவரியில் கல்யாணம். அவர் பள்ளித் தோழனின் அக்காள் மகள். ஃபுமியின் அப்பா கடற்படை அதிகாரி. ரஷ்ய–ஜப்பான் போரில், 1904 மே 15 அன்று, போர்ட் ஆர்தருக்கு வெளியே 'ஹட்சுசே' போர்க்கப்பல் கண்ணிவெடியில் மூழ்கியபோது அதோடு போனவர். ஃபுமிக்கு அப்போது மூன்று வயது. அம்மா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்தவீடு போய்ச் சேர்ந்தார். கடற்படை தன் அதிகாரிகளை உரை இல்லாமல் வழியனுப்பியிருக்காது. அவருக்கும் யாரோ ஒரு எழுத்துத் தெரிந்தவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஹொண்டாவின் தங்கையை எழுதும்போது அடுத்த அறையில் இருந்த மனைவி அகுதாகவாவின் நினைவுக்கு வந்தாளா? கதையில் அதற்கான தடயம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குற்றவுணர்வு இவ்வளவு கனமாக இருப்பதற்கு வேறு காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

1927 ஜூலை 24 அன்று அகுதாகவா தற்கொலை செய்துகொண்டார். வயது 35. நண்பனின் சாவுக்கு ஆளாளுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த வருட வெயில் தாங்காமல் செத்துப்போனான் என்று வைத்துக்கொள்கிறேன் என்கிற பாணியில் எழுதினார் ஹியாக்கென். நான் படித்த அஞ்சலிகளில் எனக்கு மிக நெருக்கமானது அது.

ஃபுமி மூன்று மகன்களை வளர்த்தார். மூத்தவர் ஹிரோஷி நடிகரானார். கடைசி மகன் யாசுஷி, போரின்போது தரைப்படையின் இசைப் பள்ளியில் பயின்று பிறகு பெரிய இசையமைப்பாளரானார். நடு மகன் தகாஷி 1945 ஏப்ரலில் பர்மாவில் போரில் இறந்தார். வயது 22. ஃபுமி 1968 வரை இருந்தார்.